தரங்கம்பாடி வைத்தியர் கோனிக்கும் புற்றுக்காளானும்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த செம்மண் நிலத்தில் இடியோடு கூடிய மழை இரண்டொரு நாள் பெய்து, பின்னர் வானம் வெளுத்துப் புழுக்கம் மிகுமாயின், ஆடு மேய்க்கும் சிறுவரும் விறகு பொறுக்கும் பெண்டிரும் தம் கண்களைக் கறையான் புற்றுகளின் மேல் வைப்பர். புற்றின் அடிவாரத்திலும், புற்றிருந்து கரைந்த மேட்டிலும், வெண்ணிறமான காளான்கள் மண்ணைப் பிளந்துகொண்டு ஒருசேர எழும். காலையில் எழுந்தவை நண்பகலுக்குள் விரிந்து, மறுநாள் புழுவேறி அழியும். ஆதலின் இடமும் நாளும் அறியாதவர்க்கு அவை கிட்டா. சென்ற ஆண்டு எந்தப் புற்றின் எந்தப் பக்கத்தில் முளைத்தன என்பதை நினைவில் வைத்திருப்போரே இவ்வாண்டும் கூடை நிறையக் கொணர்வர். இவ்வறிவு நூலில் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு.

இதே அறிவைத் தேடிப் புற்றினைத் திறந்து உள்ளே நோக்கி, கண்டதை முதன்முதல் அச்சில் ஏற்றியவர் ஓர் அயல்நாட்டு வைத்தியர். அவர் பெயர் யோவான் கெர்ஹார்ட் கோனிக். கறிவேப்பிலையின் இலத்தீன் பெயரில் இவர் பெயர் நாள்தோறும் எடுத்தாளப்படுகிறது. எனினும் கறிவேப்பிலையைத் தாளிப்பவர் நூற்றுவருள் ஒருவரேனும் இவரை அறிவாரோ என்பது ஐயமே. அவர் சில ஆண்டுகள் ஊழியஞ் செய்தது ஆர்க்காட்டு நவாபுவிடத்தில். அண்ணாமலையார் திருநகரும் அந்நாளில் அந்நவாபுவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனவே அவர் வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பால்டிக் கடலை அடுத்த லிவோனியா நாட்டில், இக்காலத்து லாட்வியாவைச் சேர்ந்த குருஸ்ட்பில்ஸ் என்னும் ஊருக்கு அருகில், செருமானியக் குடியிற் பிறந்தார். 1757இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா சென்று, செடிகொடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்த லின்னேயசிடம் நேரிற் பாடங் கேட்கும் பேறு பெற்றார். பின்னர் 1759 முதல் 1767 வரை டென்மார்க்கில் வாழ்ந்தார். அக்காலத்தில் அந்நாட்டரசின் பொருட்டுப் பனிபடர்ந்த ஐஸ்லாந்துத் தீவிற்குச் சென்று ஆங்குள்ள பயிரினங்களைத் திரட்டினார். விரற்கடையளவே வளரும் குளிர்நாட்டுச் செடியொன்று அத்தீவில் அவர்க்குக் கிடைத்தது. ஆசிரியர் அதற்கு மாணவர் பெயரையே சூட்டிக் கேனிகியா என வழங்கினார். வடகோடிப் பனிநிலத்தின் சிறு பூண்டும், தென்னாட்டு அடுக்களையின் கறிவேப்பிலையும் ஒருவர் பெயரையே தாங்குவது, அம்மனிதர் எத்துணைத் தொலைவு நடந்தார் என்பதற்குப் போதிய சான்றாம்.

1767இல் தரங்கம்பாடிச் சங்கத்தார்க்கு ஒரு வைத்தியர் வேண்டியிருந்தது. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கையிலிருந்த துறைமுகம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். கோனிக் அப்பணியை ஏற்றுக் கப்பலேறினார். வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கி, அவ்விடத்து ஆளுநராயிருந்த டுல்பாக்கு என்பாரைக் கண்டு, அந்நிலத்துச் செடிகளையும் திரட்டிக்கொண்டு, 1768இல் சோழமண்டலக் கரையை அடைந்தார். அவர் புறப்பட்ட அதே 1767ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் இத்திருவண்ணாமலையருகே ஐதர் அலியும் நிசாமும் ஒருபுறமாகவும், கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படை மறுபுறமாகவும் பெரும்போர் நிகழ்ந்தது. அந்நாளில் இந்நாட்டின் உட்பகுதிகளில் செடி தேடிச் செல்வது உயிரைப் பணயம் வைப்பதேயாகும்.

தரங்கம்பாடியில் அவர் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, கடற்கரை மணலிலும் வறண்ட வெளிகளிலும் மழைக்குப்பின் எழும் ஒரு விந்தையான காளானைத் தம் ஆசிரியருக்கு அனுப்பியது. இக்காளானுக்குக் குடை விரிவதில்லை. நீண்ட காம்பின்மேல் உலக்கைப்பூண் மாட்டினாற்போல ஒரு தலை இருக்கும். அது முதிர்ந்தபின் வெடித்துக் கருநிறத் தூளைச் சிந்தும். லின்னேயஸ் அதனைத் தூள்பந்துக் காளான்களோடு சேர்த்து, உலக்கை போன்றது என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டு 1771இல் வெளியிட்டார். போடாக்சிஸ் என்பது இக்காலத்தார் அதற்கு வழங்கும் இனப்பெயர். இந்தியக் காளான்களுள் அறிவியல் முறைப்படி முதலிற் பெயர்பெற்றது இதுவே என்பர். கறிவேப்பிலைக்குப் பெயர் சூட்டப்பட்டதும் அதே 1771ஆம் ஆண்டு நூலில்தான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். இந்நாட்டில் மக்கள் விரும்பியுண்ட காளான்கள் பலவிருக்க, இது முதலிற் பெயர் பெற்றது ஏன்? எமக்குத் தோன்றுவது இது. ஏனைய காளான்கள் பறித்த மறுநாளே நீராகிவிடும். இலையைத் தாளிடை வைத்து அழுத்திக் காப்பது போலக் காளானைக் காத்தல் அரிது. உலக்கைக் காளானோ வெயிலிற் காய்ந்து கட்டைபோலாகிப் பல வாரம் நிற்கும். ஐரோப்பாவிற்குச் செல்லும் கப்பலின் பல மாத ஓட்டத்தையும் தாங்கும். கப்பலில் ஏறக்கூடியதற்கு விரைவிற் பெயர் கிடைத்தது. ஏறமாட்டாத புற்றுக்காளான் தன் பெயருக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனை அறியவேண்டின் அது முளைக்கும் இடத்திற்கு அறிஞன் செல்லவேண்டும். முளைக்கும் நாளில் அங்கிருக்கவேண்டும்.

மேலும், அக்காலத்தில் காளான் யாது என்பதே தெளியப்படாதிருந்தது. லின்னேயசே 1767இல் காளான்களை இன்னதென்று துணியமாட்டாமல், சிற்றுயிர்களின் வரிசையில் குழப்பம் எனப் பொருள்படும் ஓர் இனத்தில் அவற்றை வைத்துக் காட்டினார். ஆசிரியரே ஐயுற்ற பொருளில் மாணவர் கண்ணையே நம்பவேண்டியிருந்தது.

வைத்தியத்திற்கென்று வந்தவர் வயலிலும் காட்டிலும் அலைந்து திரிவதற்குச் சங்கம் அளித்த சிறு ஊதியம் போதவில்லை. ஆதலால் 1774இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவிடம் இயற்கைநூற் புலவராக அமர்ந்தார். சென்னைக்கு வடக்கிலுள்ள மலைகளிலும் இலங்கையிலும் அவர் பயணஞ் செய்தது இக்காலத்திலேயாம். நவாபுவின் கருவூல நிலையோ யாவரும் அறிந்ததே. கடன்காரரே அவர் அரண்மனையை ஆண்டனர் என்றால் மிகையாகாது. 1778 சூலையில் சென்னைக் கும்பினியார் கோனிக்கைத் தம் இயற்கைநூற் புலவராக நியமித்தனர். அவ்வாண்டே அவர் சயாமிற்கும் மலாக்காவிற்கும் கப்பலேறி, 1780 வரை அப்பகுதிகளில் ஆராய்ந்து திரிந்தார்.

இப்பயணத்தினிடையே, 1779இல், பெர்லின் நகரத்து இயற்கைநூல் அன்பர் கழகத்தார் வெளியிட்ட தொகுதியில், வெள்ளெறும்பு எனப்படும் கறையானைப்பற்றி அவர் எழுதிய செருமானியக் கட்டுரை வெளிவந்தது. அதற்குரிய ஆராய்ச்சியைத் தஞ்சை நாட்டிலே செய்தார். அவர் புகழுக்கு இக்கட்டுரை ஒன்றே போதும் என்பது எம் துணிபு. புற்றினை வெட்டித் திறந்து, அறைகளையும் வழிகளையும் அரசிப் பூச்சியின் மனையையும் ஒன்றொன்றாக நோக்கினார். அவ்வறைகளில் கடற்பஞ்சு போன்று துளைபட்ட பழுப்புநிற அடைகள் இருந்தன. அவ்வடைகளின்மேல் கடுகினும் சிறிய வெண்மணிகள் பனித்துளி தெளித்தாற்போல் ஒட்டியிருந்தன. அவை பூஞ்சையின் பாற்பட்டவை என்பதைக் கண்டு எழுதினார். கறையான் புற்றினுள் காளானினம் வாழ்கிறதென்பதற்கு உலகில் எழுதப்பட்ட முதற் குறிப்பு அதுவேயாகும்.

தமிழ் மாணவர் இதனைப் படிக்கையில் ஒரு சொல்லை நினைத்தல் வேண்டும். அவ்வடைக்கு நம் மக்கள் புற்றாஞ்சோறு என்று பெயரிட்டிருக்கின்றனர். சங்கப் புலவர் அதனைக் குரும்பி என்றனர். ஈசற்புற்றைக் கிளறிக் குரும்பியை உண்ணும் கரடி அகநானூற்றிலே காட்டப்படுகிறது. சிறுபாணாற்றுப்படையில், வறுமையுற்ற பாணனது அடுக்களைச் சுவரைக் கறையான் அரிக்க, அவ்வரித்த புழுதியில் உள்துளையுடைய காளான் பூத்திருந்தது என ஓர் ஓவியம் உள்ளது. அந்நூலின் தலைவன் நல்லியக்கோடனது ஓய்மானாடு திண்டிவனத்தைச் சூழ்ந்தது, திருவண்ணாமலைக்கு நெடுந்தொலைவன்று. கறையான் அரித்த மண்ணையும் காளானையும் அப்புலவர் சேர்த்துக் கண்டதை யாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் அடையின்மேலுள்ள வெண்மணியை எடுத்து, இஃது என்ன என்று வினவியவர் கோனிக்கே.

இன்று யாம் அறிவது இது: கறையான்கள் உலர்ந்த புல்லையும் சருகையும் கட்டையையும் மென்று விழுங்கிக் கழித்து, அக்கழிவால் அடை கட்டுகின்றன. அவ்வடையில் பூஞ்சை படர்ந்து, கறையானால் செரிக்கமுடியாத மரப்பகுதியை மெதுவாக்குகிறது. வெண்மணிகளையும் பழைய அடையையும் கறையான்கள் உண்கின்றன. உழவன் வயலைக் காப்பதுபோல் வேற்றுப் பூஞ்சை முளையாதவாறு அவை காத்துவருகின்றன. மழையால் மண் நெகிழ்ந்து உள்ளிருக்கும் ஈரமும் ஏறும்பொழுது, அடையிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்பு ஒன்று மண்ணைத் துளைத்து மேலெழுந்து குடை விரிக்கிறது. குடையின் நடுவிலுள்ள கூரிய கடினமான முனையே மண்ணைப் பிளக்கும் உளி. ஆகவே புற்றுக்காளானை அறிவதற்குக் குடையை மட்டும் நோக்குதல் போதாது. மெல்லத் தோண்டிப் பார்த்தால் காம்பு ஒரு முழமேனும் கீழே இறங்கி அடையைச் சென்று தொடும். இதே இனத்தில் அரிசிபோற் சிதறி நூற்றுக்கணக்கில் முளைக்கும் மிகச் சிறிய வகையொன்று உண்டு. கறையான்கள் வெளியே கொணர்ந்து பரப்பிய அடைத்துணுக்குகளில் அது எழுவதால் அதற்கு மட்டும் இந்நீண்ட வேர் இல்லை.

காளான் தேடுவோர்க்குப் புற்றின் நிலையும் ஓர் அடையாளம். வெண்காளான் எழும் புற்றிற் கறையான் உயிரோடிருக்கின்றது. குடி அழிந்த புற்றிலோ, காப்பாரற்ற அடையின்மேல் வேறொரு பூஞ்சை கிளர்ந்து, கரிய விரல்கள் போல மண்ணின்மேல் நீட்டி நிற்கும். வயல்வரப்பிலும் புல்வெளியிலும் மழைக்குப்பின் வட்டமாக எழும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று புற்றுக்காளானென்று மயங்குதற்கு இடமாகிறது. இதனை உண்டோர் சில நாழிகைக்குள் கடும் வாந்தியும் கழிச்சலும் உற்று வருந்துவர். குடையைக் காம்பினின்று நீக்கி, வெள்ளைத்தாளின்மேல் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தால் வேற்றுமை வெளிப்படும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பாகப் படியும். நச்சுக்காளானின் தூள் பசுமை கலந்து படியும். வெள்ளிக்காசு கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா என்று பார்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அது முற்றும் பொய்யான சோதனை. அதனை நம்பி உயிரிழந்தோர் பல நாடுகளில் உளர்.

கோனிக் கறையானைப்பற்றி எழுதியதில் மற்றொரு பகுதியும் குறிப்பிடத்தக்கது. ஈசல் பறக்கும் பருவத்திற்குச் சற்று முன்னர், மக்கள் புற்றில் காற்றுவரும் பக்கத்தில் ஒரு துளையும் எதிர்ப்பக்கத்தில் ஒரு துளையும் இடுவர். எதிர்ப்பக்கத்துத் துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். காற்றுப்பக்கத்தில் நாற்றமுள்ள பொருள்களால் புகை மூட்டுவர். ஈசல்கள் ஓடிவந்து பானையில் விழும். சிலவேளை நல்லபாம்பும் கூட விழுந்துவிடும். ஆதலின் எச்சரிக்கையோடு இருப்பர். பின்னர் ஈசலை மாவோடு கலந்து பலகாரஞ் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பர். அளவின்றி உண்டால் கொடிய வயிற்றுநோய் உண்டாகும் என்பதையும் வைத்தியராகிய அவர் எழுதத் தவறவில்லை. இச்செய்தியை ஆப்பிரிக்கக் கறையானை ஆராய்ந்த ஸ்மீத்மன் என்னும் ஆங்கிலேயர் 1781இல் இலண்டன் அரசச் சங்கத்தில் வெளியிட்ட தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கறிவேப்பிலை இந்நாட்டில் எத்துணை மதிக்கப்படுகிறது என்பதையும் கோனிக் அங்கே சொல்லியிருந்தார். தம் பெயர் தாங்கிய இலையன்றோ!

அவரோடு பழகியவருள் ஸ்காட்லாந்து வைத்தியர் ராக்ஸ்பர்க் தலையாயவர். லின்னேயசின் பெயர்முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் கோனிக்கே என்றும், ராக்ஸ்பர்க் பின்னர் எழுப்பிய பெருமாளிகைக்கு அடித்தளம் இவர் இட்டதே என்றும் சொல்வது பொருந்தும். தரங்கம்பாடியிலும் அவர் தூண்டுதலால் செடிகொடி ஆராயும் அன்பர் குழுவொன்று தோன்றியது. பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் அக்குழுவினருள் ஒருவர். பூச்சிநூல் வல்லவரான பாபிரிசியஸ் என்னும் டேனியர், கோனிக் அனுப்பிய பூச்சிகள் பலவற்றிற்குப் பெயரிட்டார். லண்டு நகரத்து ரெட்சியஸ், கோனிக் எழுதிய இஞ்சியினத்து விரிவுரைகளையும் ஆர்க்கிட்டு மலர்களின் விரிவுரைகளையும் தம் நூலிற் பதிப்பித்தார். இவ்வாறு பிறர் நூல்களில் சிதறிக் கிடப்பதேயன்றித் தமக்கென ஒரு பெருநூல் இயற்றி முடிக்க அவர்க்கு வாழ்நாள் இடங்கொடுக்கவில்லை. ஊழியம் மாறி மாறிச் செய்து, காடு மேடெல்லாம் நடந்து, குறிப்பேடுகளை மட்டும் நிரப்பிக்கொண்டு போனார். இஃது எமக்கு வருத்தம் தரும் செய்தியேயாம்.

1785இல் வடக்கு நோக்கிச் சென்ற பயணத்தின்போது கடும் வயிற்றுக்கழிச்சல் அவரைப் பற்றியது. சாமல்கோட்டையில் இருந்த ராக்ஸ்பர்க் ஓடிவந்து பார்த்தும் பயனில்லை. காக்கிநாடாவைச் சேர்ந்த ஜகந்நாதபுரத்தில் சூன் மாதம் 26ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், அவர் உயிர் துறந்தார். ஏட்டுச்சுவடிகளையெல்லாம் இலண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்ஸ் என்பாருக்கு விட்டுச்சென்றார். சயாம், மலாக்காப் பயண நாட்குறிப்பு 1894இல்தான் ஆங்கிலத்தில் அச்சாயிற்று.

அவர் தொடங்கிவைத்த புற்றுக்காளான் வழக்கு நெடுநாள் நடந்தது. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட சிறு புற்றுக்காளானுக்கு பெர்க்லியும் புரூமும் 1871இல் பெயரிட்டனர். பேராதனைப் பூந்தோட்டத்தில் பணிபுரிந்த பெட்ச் 1906இல் அடையையும் அதனின்றெழும் குடைக்காளானையும் சேர்த்து விரிவாக ஆராய்ந்து எழுதினார். பிரான்சு நாட்டு ரொஜர் ஹைம் 1942இல் இக்காளான்களைத் தனி இனமாகப் பிரித்து, கறையான்காளான் எனப் பொருள்படத் தெர்மிட்டோமைசிஸ் என்று வழங்கினார். தமிழ்நாட்டுப் புற்றுகளில் எழுந்து அதுவரை தனிப்பெயரின்றியிருந்த வெண்காளான் வகையொன்றிற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே. நடராசன் ஹைமின் பெயரைச் சேர்த்து 1979இல் பெயர் சூட்டினார். கோனிக்கின் கறையான் கட்டுரை அச்சேறி அப்போது சரியாக 200 ஆண்டு ஆகியிருந்தது.